பட்டன் இருக்கு, பிடிப்பு எங்கே போச்சு?

மிஷலின் பொம்மையை எல்லாரும் பார்த்திருப்பீங்க. டயரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, கை கால் வச்ச மாதிரி ஒரு குண்டு மனுஷன். பிபெண்டம்னு பேரு. 1898-ல் பிறந்தவர். டயரெல்லாம் கறுப்பு, இவர் மட்டும் ஏன் வெள்ளைவெளேர்னு இருக்கார்னு யோசிச்சிருக்கீங்களா? விளம்பர டிசைன் அப்படின்னு நானும் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். விஷயம் அதில்லை. அவர் பிறந்த காலத்துல டயரே வெளிர் நிறம்தான்! ரப்பர்ல துத்தநாக ஆக்சைடு கலந்து செய்வாங்க. அந்த டயர் ரொம்ப நாள் உழைக்காது. கறுப்பானதுக்கு அப்புறம்தான் டயர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட ஆரம்பிச்சது.

பொட்டி தட்டுற பயலுக்கு டயர் வரலாறு எதுக்குன்னு கேக்காதீங்க மக்களே. என்கிட்ட ஒரு பழைய ஹிமாலயன் 411 இருக்கு. வார நாள்ல பழைய மகாபலிபுரம் ரோட்டு டிராஃபிக், வார இறுதியில மலை. போன வருஷம் மழை விட்ட ஒரு சாயங்காலம், ஏற்காடு வளைவு ஒண்ணுல பின்சக்கரம் மெதுவா வெளியே போச்சு. வேகம் முப்பதுகூட இருக்காது. விழலை. கீழே இறங்கி டயரைப் பார்த்தா பட்டன் நல்லாத்தான் இருக்கு. அளவுகோல் வச்சா மூணு மில்லிமீட்டருக்கு மேல மிச்சம். ஊருக்கு வந்து டயர் கடை அண்ணன்கிட்ட காமிச்சேன். நகத்தால ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துட்டு, "பட்டன் இருக்கு தம்பி, ரப்பர் செத்துப் போச்சு"ன்னார்.

ரப்பர் சாகுமா? அந்த ஒரு வரிக்கு அர்த்தம் தேடிப் போனதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல அமெரிக்கா. 1830-கள்ல அங்கே ரப்பர் மோகம். மழைக்கு நனையாத ஷூ, கோட்டு, பைன்னு ஆளாளுக்குக் கடை போட்டாங்க. வெயில் காலம் வந்ததும் ஷூ வெல்லப்பாகு மாதிரி இளகி நாறுச்சு, குளிர் காலத்துல கல்லு மாதிரி இறுகி வெடிச்சுது. கம்பெனிகள் வரிசையா மூடப்பட்டன. அந்த நேரத்துல சார்லஸ் குட்இயர்னு ஒரு மனுஷன், கடனுக்காக ஜெயிலுக்குப் போய் வந்தும் விடாம, ரப்பரோட எதையெதையோ கலந்து பார்த்துக்கிட்டே இருந்தார். 1839-ல் மாசசூசெட்ஸ்ல வோபர்ன்ங்கிற ஊர்ல கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்புல பட்டு, உருகாம தோல் மாதிரி ஆயிடுச்சுன்னு கதை சொல்லுவாங்க. அமெரிக்கக் காப்புரிமை 1844-ல் கிடைச்சது. அதுக்குள்ள இங்கிலாந்துல தாமஸ் ஹான்காக் முந்திக்கிட்டார். 1860-ல் குட்இயர் செத்தப்போ ரெண்டு லட்சம் டாலர் கடன். இன்னிக்கு அவர் பேர்ல ஓடுற டயர் கம்பெனி 1898-ல் வேற ஆட்கள் ஆரம்பிச்சது. பேரைத் தவிர அவருக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கந்தகம் உள்ளே என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி டயர் புரிஞ்ச மாதிரி. ரப்பர்ங்கிறது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலி. ஒரு கிண்ணம் இடியாப்பம்னு வச்சுக்குங்க. இழைகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், அதனாலதான் வெயில்ல இளகுது. கந்தகம் போட்டுச் சூடு பண்ணினா இழைக்கு இழை அங்கங்கே முடிச்சு விழும். இப்ப இழுத்தா நீளும், விட்டா பழைய இடத்துக்கு வரும். முடிச்சு கம்மியா இருந்தா கொழகொழ, ரொம்ப அதிகமானா விறைப்பு. நூத்துக்கு முப்பது பங்குக்கு மேல கந்தகம் போட்டா எபோனைட். தாத்தா காலத்து ஃபவுண்டன் பேனாவோட உடம்பு அதுதான். டயரும் பேனாவும் ஒரே குடும்பம், முடிச்சு எண்ணிக்கைதான் வித்தியாசம். இதை ஞாபகத்துல வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

காத்தடைச்ச டயர் கதை சீக்கிரமா: 1845-லேயே ராபர்ட் தாம்சன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். குதிரை வண்டிக்கு மாட்டி லண்டன் பூங்காவுல ஓட்டியும் காமிச்சார். ரப்பர் விலை கட்டுப்படியாகலை, ஜனங்க மறந்துட்டாங்க. 1888-ல் பெல்ஃபாஸ்ட்ல கால்நடை வைத்தியர் டன்லப் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடிச்சார். இந்தத் தடவை சைக்கிள் மோகம் கூட இருந்ததால ஜெயிச்சுது.

ஜெயிச்சதும் ரப்பர் பத்தலை. ரப்பர் மரம் அமேசான் காட்டுல மட்டும்தான் இருந்துச்சு. 1876-ல் ஹென்றி விக்காம்ங்கிற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளைக் கப்பல்ல லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைச்சது மூவாயிரம்கூட இல்லை. அதுல பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது, அடுத்த வருஷம் இருபத்திரண்டு கன்று சிங்கப்பூருக்குப் போச்சு. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துல ரிட்லின்னு ஒரு இயக்குநர், மரம் சாகாம பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற முறையைக் கண்டுபிடிச்சு, பாக்குறவங்க பாக்கெட்ல எல்லாம் ரப்பர் விதையைத் திணிச்சார். "பைத்தியக்கார ரிட்லி"ன்னு பேர் வாங்கினார். கொஞ்ச வருஷத்துல மலாயா முழுக்க ரப்பர் காடு.

அந்தக் காட்டுல பால் வெட்டினது யார்? இங்கதான் நம்ம ஆட்கள் வர்றாங்க. கங்காணி ஊர் ஊரா வந்து ஆள் சேர்ப்பான். நாகப்பட்டினத்துலயும் மெட்ராஸ்லயும் கப்பல் ஏத்துவாங்க, பினாங்குல இறக்குவாங்க. விடியுறதுக்கு முன்னாடி பிரட்டுக் களத்துல பேர் கொடுக்கணும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நல்லா ஓடும், அதனால இருட்டுலயே நிரைக்குப் போயிடணும். எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி ஒருத்தர் புதுக்கோட்டைப் பக்கத்துல இருந்து அப்படிப் போனவர்தான். வீட்டுல அவரைப் பத்தி இருக்கிறது ரெண்டே தகவல். மலாயாவுல பால்மரம் வெட்டினார். ஜப்பான்காரன் வந்ததுக்கு அப்புறம் கடிதாசி வரலை.

ஜப்பான் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி டயர் கறுத்த கதை.

1904-ல் லண்டன் சில்வர்டவுன்ல ஒரு ரப்பர் கம்பெனியில மோட்ங்கிற வேதியியல்காரர் ரப்பரோட கார்பன் பிளாக்கைக் கலந்து பார்த்தார். புகைக்கரி மாதிரியான மைதான் அது. வெறும் நிறத்துக்குன்னு நெனச்சா இல்லை. ரப்பர் இழைகள் அந்தக் கரித்துகள் மேல ஒட்டிப் பிடிச்சுக்குது. கிழியறதுக்கு எதிர்ப்பு பல மடங்கு கூடுது. அமெரிக்காவுல குட்ரிச் போன்ற கம்பெனிகள் 1910-ஐ ஒட்டி இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் வெள்ளை டயர் பிபெண்டத்தோட தொப்பையில மட்டும் மிஞ்சிச்சு.

இப்ப 1942. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துக்கிட்டிருந்த இயற்கை ரப்பர்ல ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் நின்னுபோச்சு. டாங்கி, விமானம், லாரி எல்லாத்துக்கும் ரப்பர் வேணும். அமெரிக்க அரசு கம்பெனிகளையெல்லாம் ஒரே கயித்துல கட்டி, ரகசியங்களைப் பகிர்ந்துக்க வச்சு, செயற்கை ரப்பர் தொழிற்சாலைகளைக் கட்டுச்சு. பியூட்டாடையீன் முக்கால் பங்கு, ஸ்டைரீன் கால் பங்கு. ஜெர்மனியில ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனி 1929-லேயே பண்ணி வச்சிருந்த பூனா-எஸ் இதே சரக்குதான். (அதே ஐ.ஜி. ஃபார்பன் ஆஷ்விட்ஸ் பக்கத்துல மோனோவிட்ஸ்ல கைதிகளை வச்சு ஒரு பூனா ஆலை கட்டுச்சு. ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க. அந்த ஆலையில இருந்து ஒரு கிலோ ரப்பர்கூட வெளிய வரலை.)

மலாயாவுல அதே வருஷம் தோட்டங்கள் முடங்கிப் போச்சு. வேலையில்லாத தோட்டத் தமிழர்களை ஜப்பான்காரங்க சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துட்டுப் போனாங்க. காலரா, மலேரியா, பட்டினி. பல்லாயிரம் பேர் திரும்பலை. போர்க்கைதிகளா இருந்த வெள்ளைக்காரங்களுக்குக் கல்லறை வரிசையா இருக்கு, பேர் பொறிச்சிருக்கு. நம்ம ஆட்களுக்குப் பெரும்பாலும் பேர்ப்பட்டியல்கூடக் கிடையாது. எங்க வீட்டுக் கடிதாசி நின்னதுக்குக் காரணம் இதுவான்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது. வீட்டுல அப்படித்தான் பேசிக்குவாங்க.

சரி, பிடிப்புக்கு வருவோம். நான் சொல்லப்போற ஆராய்ச்சிக்கூடம் 1938-ல் ஆரம்பிச்சது. பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம்னு பேரு, லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியில இருந்துச்சு. நடத்துறதுக்குக் காசு எங்கிருந்து? முக்கியமா மலாயாவுல ரப்பர் மேல போட்ட தீர்வையில இருந்து. வெட்டின ஒவ்வொரு பால் வாளியிலயும் ஒரு சொட்டு இங்கிலாந்து லேபுக்குப் போச்சுன்னு வச்சுக்கலாம். அதே 1938-லதான் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புறதை நிறுத்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனா வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

அந்த லேப்ல அடால்ஃப் ஷாலமாக்ங்கிற, ஜெர்மனியில பிறந்த இயற்பியலாளர். டயர் தேயறதை மனுஷன் எவ்வளவு எளிமையா பார்த்தார் தெரியுமா? ஒரு ஊசியை எடுத்து ரப்பர் மேல இழுத்தார், உருப்பெருக்கியில பார்த்தார். அவ்வளவுதான். ஊசி போன திசையில கோடு விழும்னு நாம நெனப்போம். விழலை. ஊசி முன்னாடி இருக்கிற ரப்பர் குவியுது, பின்னாடி இருக்கிற ரப்பர் இழுபட்டு, ஊசி போற திசைக்குக் குறுக்கே கிழியுது. ஒரு இடத்துல நிக்கும், பிச்சுக்கிட்டுத் தாவும், மறுபடி நிக்கும். 1952-ல் இதை எழுதினார். சொரசொரப்பான ரோட்டுல லட்சம் ஊசி இழுத்தா என்ன ஆகும்? ரப்பர் மேல குறுக்குக் குறுக்கா சின்னச் சின்ன வரப்பு வரும், ரம்பப் பல் மாதிரி. தேய்மானம்னா ரப்பர் பொடியாகிறது மட்டும் இல்லை. அந்த வரப்போட நுனி மடங்கி, அடியில விரிசல் ஓடி, துண்டா பிச்சுக்கிட்டு வர்றது. இன்னிக்கும் அந்தக் கோலத்துக்கு "ஷாலமாக் பேட்டர்ன்"னுதான் பேரு. அட்வென்ச்சர் டயர் வச்சிருக்கிறவங்க உள்ளங்கையால டயரை ஒரு தடவை முன்னாடி, ஒரு தடவை பின்னாடி தடவிப் பாருங்க. ஒரு திசையில வழவழ, எதிர்த் திசையில ஒவ்வொரு பட்டனோட விளிம்பும் கையில இடறும். அது ஒவ்வொரு கட்டையும் தரையை விட்டுக் கிளம்பும்போது சறுக்கித் தேஞ்ச அடையாளம்.

1960-ல் ஷாலமாக்கும் டர்னரும் சேர்ந்து எழுதின கட்டுரை எனக்கு ரொம்பப் பிடிச்சது. சறுக்குற சக்கரம் எப்படித் தேயும்னு ஒரு கணக்கு. வளைவுல டயர் தாங்குற பக்கவிசை ரெண்டு மடங்கானா தேய்மானம் நாலு மடங்கு. வர்க்கக் கணக்கு! இன்னொண்ணு, டயர் எவ்வளவு நெகிழ்வானதோ அவ்வளவு அதிகத் தேய்மானம். ஏன்னா ஒரே விசையைக் கொடுக்க நெகிழ்வான டயர் அதிகமா சறுக்கணும்.

இந்த ரெண்டு வரியை வச்சுக்கிட்டு அட்வென்ச்சர் டயரைப் பாருங்க. மண்ணையும் சரளையையும் கடிக்கிறதுக்காக உயரமான கட்டை, நடுவுல அகலமான வெளி. தார்ரோட்டுல அந்தக் கட்டை ஒவ்வொண்ணும் பல்லு ஆடுற மாதிரி ஆடும். ஆடினா சறுக்கு, சறுக்கினா தேய்மானம். அதுக்கு மேல இருநூறு கிலோ வண்டி, பின்னாடி ரெண்டு பெட்டி, தண்ணி கேன், சில பேர் குடும்பத்தையே கட்டிக்கிட்டுப் போறாங்க. புது டயர் முதல் ரெண்டாயிரம் கிலோமீட்டர்ல மடமடன்னு தேஞ்சுட்டு, அப்புறம் நிதானமாகிற மாதிரி தெரியறதும் இதனாலதான். கட்டை குட்டையானதும் விறைப்பு கூடுது, ஆட்டம் குறையுது. "தேஞ்சப்புறம் நல்லா ஓடுது மச்சி"ன்னு சொல்றவன் பொய் சொல்லலை. தார்ரோட்டுக்கு மட்டும் அது உண்மை. சரளையில கடிக்க விளிம்பு இல்லாம அவனே விழுவான்.

நெடுஞ்சாலையில நேரா ஓட்டிக்கிட்டே இருந்தா நடுப்பகுதி மட்டும் தட்டையாகும். உருண்டையா இருந்த டயர் பெட்டி மாதிரி ஆயிடும். அப்புறம் மலையில வண்டியைச் சாய்க்கும்போது ஒரு இடத்துல படி இறங்குற மாதிரி 'டபக்'குன்னு விழும். சென்னை-பெங்களூர் அடிக்கடி போறவங்களுக்கு இது பழகியிருக்கும்.

ஆனா என் கேள்வி வேற. தேயாமலே பிடிப்பு போகுதே?

அதுக்குப் பிடிப்புன்னா என்னன்னு தெரியணும். பள்ளிக்கூடத்துல படிச்ச உராய்வு விதி ரப்பர்கிட்ட செல்லாது. ரப்பர் ரெண்டு விதமா ரோட்டைப் பிடிக்குது. ஒண்ணு, நேரடியா ஒட்டுறது. காஞ்ச சுத்தமான ரோட்டுல இது நல்லா வேலை செய்யும். தண்ணி நடுவுல வந்தா காலி. ரெண்டாவது, ஜல்லியோட மேடு பள்ளத்துக்குள்ள ரப்பர் இறங்கி ஏறுறது. ஒரு ஜல்லி முனை மேல ரப்பர் நகருதுன்னு வைங்க. முனைக்கு முன்பக்கம் ரப்பர் அமுங்குது, பின்பக்கம் நிமிருது. உடனே நிமிர்ந்துட்டா முன்னாடி கொடுத்த சக்தி பின்னாடி திரும்பக் கிடைச்சிடும், உராய்வே இருக்காது. சோம்பேறித்தனமா, லேட்டா நிமிர்ந்தாத்தான் சக்தி வெப்பமாகும், வண்டிக்குப் பிடிப்பு கிடைக்கும். இந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஹிஸ்டெரிசிஸ்னு பேரு. தரையில போட்டா எகிறிக் குதிக்கிற சூப்பர் பால்ல அது கம்மி. 'தொப்'புன்னு உக்கார்ற ரப்பர்ல அதிகம். மழைக்கு நல்ல டயர் வேணும்னா எகிறாத ரப்பர்ல பண்ணணும்! கேம்பிரிட்ஜ்ல கிரீன்வுட்டும் டேபரும் 1958-ல் வழவழப்பாக்கின ரப்பர் மேல கெட்டியான உருண்டைகளை இழுத்து இதைத்தான் நிரூபிச்சாங்க. போர்க்காலத்துல வேற வழியில்லாம வந்த செயற்கை ரப்பர், இயற்கை ரப்பரைவிட சோம்பேறி. பஞ்சத்துக்கு வந்த சரக்கு மழைக்கு நல்லதாப் போச்சு.

அப்புறம் 1963. மறுபடி அதே வெல்வின் லேப். கிராஷ்ங்கிறவர் பல வகை ரப்பரைப் பல வெப்பநிலையில, பல வேகத்துல இழுத்து உராய்வை அளந்தார். தாறுமாறா கிடந்த கோடுகளை எல்லாம் ஒரு சூத்திரப்படி நகர்த்தினா ஒரே கோடா அடுக்கிடுச்சு. 1955-ல் வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரின்னு மூணு பேர் பாலிமர்களுக்காகக் கொடுத்த சூத்திரம் அது. அர்த்தம் என்னன்னா, ரப்பருக்கு வேகமும் குளிரும் ஒண்ணு. வேகமா குத்தினா ரப்பர் குளிர்ந்த மாதிரி விறைக்கும். மெதுவா குத்தினா சூடான மாதிரி இளகும். சறுக்குற டயரை ரோட்டோட பொடிப்பொடி முனைகள் விநாடிக்கு ஆயிரக்கணக்குல இருந்து லட்சக்கணக்கு வரை குத்துது. அந்த வேகத்துல எந்த ரப்பர் விறைப்புக்கும் இளக்கத்துக்கும் நடுவாந்திரமா இருக்கோ அதுக்குத்தான் பிடிப்பு உச்சம். கொஞ்சம் விறைச்சுட்டா மலை உச்சியில இருந்து அந்தப் பக்கம் இறங்கியாச்சு. காலையில ஏழு மணிக்கு ஊட்டியில வண்டியை எடுத்து முதல் வளைவுலயே சாய்க்கிறவங்களுக்கு இந்தக் கோட்டைச் சுவத்துல ஒட்டி வைக்கலாம்.

ஷாலமாக் கடைசி வரைக்கும் விடலை. 1971-ல் "ரப்பர் எப்படி நழுவுது?"ன்னே தலைப்பு வச்சு ஒரு கட்டுரை. மெத்துனு இருக்கிற ரப்பர் முழுசா நழுவறதில்லை, ஜமுக்காளத்துல ஒரு பக்கம் சுருக்கம் உண்டாக்கித் தள்ளிக்கிட்டே போனா அது எப்படி நகருமோ அப்படி நகருதுன்னு படம் பிடிச்சுக் காமிச்சார். படிக்கிறப்போ விசிலடிக்கணும் போல இருந்துச்சு.

இதெல்லாம் இருந்தும் அட்வென்ச்சர் டயர்னு தனி ஜாதி வர்றதுக்கு ஒரு பாலைவனம் தேவைப்பட்டுச்சு. 1978 டிசம்பர் 26-ல் தியரி சபீன் பாரிஸ்ல இருந்து டக்காருக்கு முதல் பந்தயத்தைக் கிளப்பினார். பைக்ல ஜெயிச்சது சிரில் நெவூ, யமஹா எக்ஸ்.டி. 500. 1980-ல் பி.எம்.டபிள்யூ. ஆர் 80 ஜி/எஸ் வந்தது. ஜி-ன்னா காடுமேடு, எஸ்-னா சாலை. அடுத்த வருஷமே ஹூபர்ட் ஓரியோல் அதுல டக்கார் ஜெயிச்சார். 800 சி.சி.க்கு மூணு சி.சி. கம்மி, 160-க்கு மேல போற வண்டி. அதுவரைக்கும் மண்ணுக்கான டயர்னா நூறைத் தாண்டாத சின்ன வண்டிகளை மனசுல வச்சுச் செஞ்சது. கட்டை டயரை ரொம்ப நேரம் வேகமா ஓட்டினா உள்ளே சூடேறும், கட்டை வேரோட பிச்சுக்கும். முந்தி சொன்ன சோம்பேறித்தனத்தோட மறுபக்கம் இது. ரோட்டைப் பிடிக்கிற அதே வெப்பம் டயரை உள்ளேயே வேகவைக்கும். பிடிப்பு வேணுமா, ஆயுள் வேணுமா, ரெண்டுல ஒண்ணைத் தொடு. அன்னிலேர்ந்து இந்த டயர் வரலாறே அந்த இழுபறிதான். மலிவா ரெண்டும் தர்றேன்னு யாராவது விளம்பரம் பண்ணினா நான் நம்பறதில்லை.

ஒரே ஒரு தடவை இழுபறியில நிஜமான சலுகை கிடைச்சுது. 1992-ல் மிஷலின் கார் டயர்ல கரிக்குப் பதிலா பெரும்பாலும் சிலிக்கா போட்டு வெளியிட்டாங்க. சக்கரம் உருள்றது விநாடிக்குப் பத்து இருபது தடவை நடக்கிற வேலை. ரோடு குத்துறது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம். சிலிக்கா போட்ட ரப்பர் மெதுவான வேலையில சுறுசுறுப்பா இருக்கும், வேகமான வேலையில சோம்பேறியாகும். ஒரே ஃபங்ஷன், உள்ளே வர்ற ஃப்ரீக்வென்சியைப் பார்த்து வேற வேற மாதிரி நடந்துக்குது. நம்ம டீம்ல இப்படி யாராவது கோடு எழுதினா ரிவ்யூவுல கிழிச்சிருப்பாங்க :-) பிற்பாடு பைக் டயருக்கும் இது வந்தது. நடுவுல கெட்டி ரப்பர், ஓரத்துல மெத்து ரப்பர்னு ரெண்டு கலவையும் வந்தது.

இப்ப "செத்துப் போச்சு"க்கு வருவோம். குட்இயரோட அடுப்பு இருக்கே, அது அணையறதே இல்லை. டயர் ஃபேக்டரியை விட்டு வெளிய வந்த பிறகும் வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து முடிச்சு போட்டுக்கிட்டே இருக்கும். இந்த ஆக்சிஜன் சங்கிலி வேலையைப் போர்க்காலத்துல பிரிச்சுப் பார்த்ததும் அதே வெல்வின் லேப்தான், பொலண்ட், கீன்னு ரெண்டு பேர். முடிச்சு கூடக் கூட விறைப்பு. மெத்துனு இருக்கக் கலந்த எண்ணெயும் மெல்ல மெல்ல வெளியேறும். டயர் பேனா ஆகிற பாதையில போய்க்கிட்டு இருக்கும். கிராஷோட கோட்டுல உச்சி நகர்ந்துடும், ரோடு அதே இடத்துல நிக்கும். பட்டன் அப்படியே இருக்கும், ஜல்லிக்குள்ள இறங்கறதுக்கு ரப்பருக்குத் தெம்பு இருக்காது. காஞ்ச ரோட்டுல ஒட்டுற சக்தி சமாளிச்சிடும். மழையில சாயம் வெளுத்திடும்.

ஓசோன் இன்னொரு எமன். இழுபட்டு நிக்கிற ரப்பர் இழையை வெட்டி விட்டுடும், பக்கவாட்டுல மயிரிழை விரிசல் வரும். அதைத் தடுக்க டயருக்குள்ள மெழுகும், 6பிபிடின்னு ஒரு ரசாயனமும் கலப்பாங்க. டயர் ஓட ஓட அது மேற்பரப்புக்குக் கசிஞ்சு வந்து தன்னைப் பலி கொடுத்து ரப்பரைக் காப்பாத்தும். டயர் பக்கவாட்டுல பழுப்பா ஒரு பூச்சு தெரியுமே, அது அழுக்கு இல்லை. ஓடாம நிறுத்தி வச்ச வண்டிக்கு இந்தக் கசிவு சரியா நடக்காது. 2020 ஊரடங்கு முடிஞ்சு வண்டியை வெளிய எடுத்தவங்க எத்தனை பேர் டயர்ல வெடிப்பைப் பார்த்தோம்!

அந்த 6பிபிடி கதைக்கு ஒரு திருப்பம். வாஷிங்டன் மாநிலத்துல கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட ஆத்துக்கு வந்ததும், மழை பெஞ்ச மறுநாள் கொத்துக்கொத்தா செத்து மிதக்கும். பல வருஷமா காரணம் தெரியலை. 2020 டிசம்பர்ல ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. தேஞ்சு ரோட்டுல விழுந்த டயர்ப் பொடியில இருக்கிற 6பிபிடி, ஓசோனோட சண்டை போட்டுக் குயினோன்ங்கிற வேற பொருளா மாறி, மழைத்தண்ணியில கரைஞ்சு ஆத்துக்குப் போகுது. ஷாலமாக் ஊசியில கிழிச்சுப் பார்த்த அந்தத் துணுக்கு எங்கே போகுதுன்னு அதுவரைக்கும் நாம யாரும் பெருசா கேட்டதில்லை. கலிஃபோர்னியா 2023 அக்டோபர்ல இருந்து டயர் கம்பெனிகளை மாற்று தேடச் சொல்லி விதி போட்டிருக்கு. ஓசோனை மறிக்கணும், ரப்பரைக் கெடுக்கக் கூடாது, மீனைக் கொல்லக் கூடாது. தேடிக்கிட்டிருக்காங்க.

வெல்வின் லேபைத் தேடாதீங்க. மலேசியா விடுதலை அடைஞ்ச பிறகு அது மலேசிய ரப்பர்காரங்க கைக்குப் போய், 1974-ல் பக்கத்துல பிரிக்கண்டன்பரிக்கு இடம் மாறிச்சு. துன் அப்துல் ரசாக் பேர்ல இன்னிக்கும் அங்கேதான் இருக்கு.

கொசுறு: டயர் பக்கவாட்டுல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2000-லேர்ந்து இதுதான் வழக்கம். முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 3519-ன்னா 2019-ல் முப்பத்தஞ்சாவது வாரம் செஞ்சது. சில டயர்ல ஒரு பக்கம்தான் இருக்கும், குனிஞ்சு சைலன்சர் பக்கமும் தேடுங்க. சைலன்சர் ஆறினப்புறம்.